வெட்டாத நேரலை: திருகோணமலையிலிருந்து ஒரு போனோடு ஒரு மணித்தியாலம்

பழைய பாணி நேரலைக்கு ஒரு விதிதான் உண்டு. தொடங்கிய செக்கனிலிருந்து முடிக்கிற செக்கன் வரை படம் அறுபடக் கூடாது. தலைப்பு அட்டை, பின்னணி இசை, பிறகு உட்கார்ந்து நறுக்குவது எதுவும் கிடையாது. பார்க்கிற ஆளுக்கு நாம் கொடுப்பது அந்த இடத்தின் நேரத்தை. பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லையென்றால் அந்தப் பத்து நிமிடமும் அவரிடம் போய்ச் சேர வேண்டும். திருகோணமலையின் மீனவர் பகுதியான திருக்கடலூரில், கரையில் நின்று இழுக்கிற கரைவலையின் மடி (மீன் சேர்கிற பை) கரையேறுகிற ஐந்து நிமிடத்தை மட்டும் காட்டினால் அது செய்தித் துண்டு. கயிறு இழுபடுகிற நேரத்தையும் சேர்த்துக் காட்டினால்தான் வெளியூரில் இருக்கிறவருக்குக் கடற்கரையில் நின்ற உணர்வு வரும். கீழே சொல்லும் ஆயத்தம் எல்லாம் அந்த ஒரு மணித்தியாலம் நடுவில் விழாமல் இருப்பதற்காகத்தான்.

இந்தப் பழக்கம் வந்த வழியைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது வேலைக்கு உதவும். 1994இல் ஸ்டீவ் மான் உடம்பில் கமராவை அணிந்து, தான் காண்பதை இணையத்துக்கு அனுப்பினார். 1996இல் ஜெனிபர் ரிங்லி தன் அறையில் ஒரு வெப்கேமை வைத்து, சில நிமிடத்துக்கு ஒருதரம் ஒரு நிலைப்படமாக 2003 வரை அனுப்பிக்கொண்டிருந்தார். 2007 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவில் ஜஸ்டின் கான் தொப்பியில் கமராவையும் முதுகுப்பையில் கணினியையும் பல டேட்டா மோடங்களையும் சுமந்துகொண்டு தன் நாளை முழுதாக ஒளிபரப்பத் தொடங்கினார். அந்தக் காலத்திலேயே குயிக், பம்பூசர் போன்ற செயலிகள் நோக்கியா என்95 மாதிரியான போன்களிலிருந்து நேரடியாக அனுப்ப வழி திறந்தன. 2015 பெப்ரவரியில் மீர்கட்டும் மார்ச்சில் பெரிஸ்கோப்பும் வந்த பிறகுதான் யாரும் எங்கிருந்தும் ஒரு பொத்தானை அழுத்தி லைவ் போடலாம் என்றானது. பெரிஸ்கோப்பில் தொடக்கத்தில் நெட்டுக்குத்துப் படம் மட்டும்தான். மீள்பார்வையும் 24 மணித்தியாலத்தில் அழிந்துவிடும். பார்க்கிறவர்கள் 'உங்கள் ஃபிரிட்ஜைத் திறந்து காட்டுங்கள்' என்று கேட்பார்கள், போடுகிறவர் திறந்து காட்டுவார். ஒருவருடைய சமையலறை எப்படி இருக்கிறது என்பதே போதுமான விஷயமாக இருந்த காலம் அது.

அந்தக் காலத்திலிருந்து படிக்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. 2016 ஜனவரி 6ஆம் திகதி இங்கிலாந்தின் நியூகாசல் நகரில் ஒரு அலுவலக யன்னலிலிருந்து, நடைபாதையில் தேங்கிய மழைத்தண்ணீரை நோக்கி ஒரு போனைத் திருப்பி வைத்தார்கள். வருகிற ஆள் தாண்டுவாரா, சுற்றிப் போவாரா, காலை நனைப்பாரா என்பது மட்டும்தான் படம். ஒரே நேரத்தில் 20,000 பேர் வரை பார்த்தார்கள். போன் அசையவில்லை, யாரும் விளக்கம் சொல்லவில்லை. ஒரு படச்சட்டமும், அதற்குள் திரும்பத் திரும்ப எழும் ஒரு கேள்வியும் இருந்தன. இடம் தெரிவு செய்யும்போது இந்தக் கேள்வியைத்தான் முதலில் தேட வேண்டும்.

இடம் தெரிவு

திருமலையில் இதற்குக் குறைவே இல்லை. பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் புள்ளிமான்கள் றோட்டைக் கடக்கிற இடத்தில், காலையிலோ மாலை வெயில் தாழ்ந்த பிறகோ போனை இடுப்பு உயரத்தில் ஊன்றி வைத்தால், ஓட்டோ நிற்குமா, மான் நிற்குமா என்ற கேள்வி தானாகவே வரும். மானுக்கும் போனுக்கும் ஐந்தாறு மீற்றராவது இடைவெளி இருக்கட்டும். தீன் போட்டுக் கிட்டக் கூப்பிட்டால் அது கமராவுக்காக நடந்த விஷயமாகிவிடும், மானுக்கும் நல்லதல்ல. கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது, டொக்யார்ட் கடற்படையிடம், சீனக்குடா விமானப்படையிடம். காவலரணும் வாயிற்கதவும் சட்டத்துக்குள் வராத கோணத்தை லைவ் தொடங்குமுன்பே பார்த்து வையுங்கள். நேரலையில் பிறகு அழிக்க வழி இல்லை.

உட்துறைமுக வீதி மாலைக்கு நல்லது. நகரத்தின் கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும்; உட்துறைமுகப் பக்கம் அது தண்ணீருக்கு மேலே இறங்கும். ஐந்தரைக்கு ஆரம்பித்தால் வெளிச்சம் மங்கி விளக்குகள் பற்றுகிற மாற்றம் ஒரு மணித்தியாலத்துக்குள் அடங்கிவிடும். கிண்ணியாப் பாலம் பார்க்க அழகு, ஆனால் இரண்டு சிக்கல் இருக்கிறது. காற்றுக்குத் தடுப்பே இல்லை. பஸ் போகும்போது பாலம் அதிர்வதால் கைப்பிடியில் கட்டிய போனும் அதிரும். அங்கே போனைக் கையில் பிடிப்பதே மேல், முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டிக்கொண்டு.

கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற பாதையும் வழியிலுள்ள கடைகளும் காட்டலாம். கோயிலுக்குள் கோயில் வழக்கம்தான். வாசலிலேயே கேளுங்கள், மூலஸ்தானத்தை நோக்கிப் போனைத் தூக்க வேண்டாம். இராவணன் வெட்டுப் பக்கம் உயரமான இடம் என்பதால் போனுக்குப் பல டவர்கள் ஒரே நேரத்தில் எட்டும், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கும். சிக்னல் கோடு நிறையக் காட்டியும் படம் தடங்குவதற்கு அது ஒரு காரணம். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் ஆட்கள் குளிக்கிறார்கள். அங்கே நேரலை வேண்டாம்.

மழைக்காலம் தொடங்கிவிட்டால், ஐப்பசியிலிருந்து தை வரை, கிழக்குக் கடல் கொந்தளிப்பு. கரைவலையை நம்பி அப்போது திட்டம் போடாதீர்கள். தேங்கிய மழைத்தண்ணீரும் பஸ் நிலையமும் தேத்தண்ணிக்கடையும் அந்த மாதங்களுக்கு இருக்கின்றன.

வேகத்தை அளக்கிற முறை

பெரும்பாலான நேரலைகள் விழுவது இங்கேதான். வேகம் பார்க்கிற செயலிகள் பத்துப் பதினைந்து செக்கன்தான் அளக்கும், நேரலைக்கு ஒரு மணித்தியாலம் முழுவதும் வேகம் தேவை. அதோடு ஆட்கள் பார்ப்பது டவுன்லோட் இலக்கத்தை. நமக்கு வேண்டியது அப்லோட், போனிலிருந்து வெளியே போகிற வேகம்.

லைவ் போடப்போகிற அதே இடத்தில், அதே நேரத்துக்கு, முதல் நாளே போய் நில்லுங்கள். ஐந்து நிமிட இடைவெளியில் மூன்று தரம் அப்லோடை அளந்து, மூன்றிலும் குறைந்ததை எடுத்துப் பாதியாக்குங்கள். 6, 3.4, 5.1 மெகாபிட் வந்தால் 3.4இன் பாதி, அதாவது 1.7. உங்கள் பிட்ரேட் (செக்கனுக்கு அனுப்பும் படத்தரவின் அளவு) அதற்கு மேலே போகக் கூடாது, 1.5 மெகாபிட் வைத்தால் பாதுகாப்பு. அந்த அளவுக்கு 480பி (உயரம் 480 புள்ளி) படம் சுத்தமாக வரும். 720பி, செக்கனுக்கு 30 சட்டம் என்றால் 2.5 மெகாபிட்டாவது வேண்டும், கடல் அலை படத்தில் இருந்தால் 4 வேண்டும். கட்டம் கட்டமாக உடைகிற 720பியைவிட உடையாத 480பி எவ்வளவோ மேல். போனில் பார்க்கிறவருக்கு வித்தியாசம் அவ்வளவு தெரியாது.

டேட்டாக் கணக்கு: 1.5 மெகாபிட்டில் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 675 எம்.பி., 2.5இல் 1.1 ஜி.பி., 4இல் 1.8 ஜி.பி. 128 கிலோபிட் ஒலிக்கு இன்னும் 60 எம்.பி. போகும். இதில் ஒன்றரை மடங்கு மீதி இருந்தால்தான் தொடங்குங்கள். உங்கள் பக்கேஜில் சமூக ஊடகத்துக்கென்று தனி டேட்டாவும் இரவு நேரத்துக்கென்று தனி டேட்டாவும் பிரித்துக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். மொத்தக் கணக்கில் 10 ஜி.பி. என்று காட்டும், அதில் பகலில் எல்லாச் செயலிக்கும் பாவிக்கக்கூடியது மூன்றாக இருக்கலாம்.

தேர், தீர்த்தம் மாதிரி நாட்களில் முதல் நாள் அளந்த இலக்கம் பயன்படாது. ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே டவரில் தொங்கும், எல்லாரும் படம் அனுப்புவார்கள், அப்லோட் முதலில் விழும். அப்படியான நாளில் பிட்ரேட்டை 800 கிலோபிட்டுக்கு இறக்கிப் படத்தை 360பியாக்குங்கள். கூட்டத்தின் நடுவிலிருந்து இரண்டு தெரு தள்ளி, தேர் கடந்துபோகிற ஒரு மூலையில் நிற்பது இன்னும் நல்லது.

செயலியும் கணக்கும்

யூடியூபில் போனிலிருந்து நேரடியாகப் போட 50 சந்தாதாரர் வேண்டும், சனலை போன் இலக்கத்தால் உறுதிப்படுத்த வேண்டும், முதல் தரம் லைவ் வசதி திறக்க 24 மணித்தியாலம் வரை எடுக்கும். 2025 ஜூலையிலிருந்து தனியாக லைவ் போடுகிறவருக்கு 16 வயது நிறைந்திருக்க வேண்டும். பேஸ்புக்கில் கணக்கு 60 நாள் பழையதாக இருக்க வேண்டும். பக்கத்துக்கும் தொழில்முறைக் கணக்குக்கும் 100 பேர் பின்தொடர வேண்டும். இன்ஸ்டகிராமில் 1,000 பேர் தேவை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு யூடியூபைச் சொல்வோம், பதிவு அங்கேயே நிற்கும் என்ற காரணத்துக்காக.

இந்தச் செயலிகளின் உள்ளேயே இருக்கிற லைவ் பொத்தானில் பிட்ரேட்டை நாமே வைக்க முடியாது. அது கையில் வேண்டுமென்றால் லாரிக்ஸ் போன்ற தனி ஒளிபரப்புச் செயலியை இறக்கி, யூடியூப் ஸ்டூடியோ தரும் முகவரியையும் திறவுச் சொல்லையும் (ஸ்ட்ரீம் கீ) அதில் பதியுங்கள். அமைப்பு இவ்வளவுதான்: பிட்ரேட் முன்பு கணக்கிட்டது, முழுச்சட்ட (கீஃப்ரேம்) இடைவெளி 2 செக்கன், தானாகக் குறைக்கும் பிட்ரேட் வசதி திறந்து, ஒலி 128 கிலோபிட். இரவுக் கடைகளில் எடுப்பதென்றால் செக்கனுக்கு 25 சட்டம் வையுங்கள். இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் 30இல் மலிவான எல்.ஈ.டி. விளக்குகள் படத்தில் துடிக்கும்.

போனைத் தயார் செய்தல்

நேரலையை அறுக்கும் முதல் எதிரி அழைப்பு. எடுக்காவிட்டாலும் அறுக்கும். பல போன்களிலும் இணைப்புகளிலும் அழைப்பு வந்தவுடன் போன் 4ஜியை விட்டு 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கும், டேட்டா அந்த நேரம் நின்றுவிடும். இரண்டு சிம் போட்ட போனில் மற்ற சிம்முக்கு வருகிற அழைப்பும் இதைச் செய்யும். அழைப்புச் சத்தத்தை நிறுத்துவது இதற்குத் தீர்வாகாது, சத்தம் மட்டும்தான் நிற்கும்.

நல்ல வழி, சிறிய பொக்கெட் ரவுட்டர் ஒன்றில் டேட்டா சிம்மைப் போட்டு, போனை விமானப் பயண முறையில் (ஏர்பிளேன் மோட்) வைத்து வைஃபையை மட்டும் திறப்பது. போனின் சூடும் குறையும். ரவுட்டர் இல்லையென்றால் இரண்டாவது சிம்மைக் கழற்றிவிட்டு, **21* அடித்து வீட்டிலுள்ள வேறு இலக்கத்தையும் # ஐயும் சேர்த்து அழைப்பு எல்லாவற்றையும் அங்கே திருப்புங்கள். முடிந்த பிறகு ##21# அடித்தால் பழையபடி வரும். இதை மறந்துவிட்டு நாள் முழுக்க அழைப்பு வராமல் இருப்பவர்கள் அதிகம், கையில் பேனையால் எழுதி வையுங்கள்.

பட்டரி சேமிப்பு முறையை நிறுத்துங்கள். அது பின்னணியில் இணைப்பைக் கழுத்து நெரிக்கும். திரை தானாக அணைவதையும் நிறுத்துங்கள். சில செயலிகளில் திரை அணைந்தால் கமராவும் நிற்கும். படம் நெட்டுக்குத்தா குறுக்கா என்பதைத் தொடங்குமுன் முடிவு செய்யுங்கள், நடுவில் திருப்பினால் பெரும்பாலும் படம் சரிந்துதான் தெரியும். ஆட்களோடு கதைக்கிற, தெருவில் நடக்கிற லைவுக்கு நெட்டுக்குத்து; கடற்கரைக்குக் குறுக்கு.

சூடு அடுத்தது. ஐபோனுக்கு அப்பிள் சொல்லும் சுற்றுச்சூழல் உச்சம் 35 பாகை. கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) வீசுகிற மாதங்களில் திருமலையின் மத்தியானம் அதைத் தாண்டும். நேரலையில் கமரா, திரை, அனுப்பும் பகுதி மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. போன் முதலில் திரையை மங்கச் செய்யும், பிறகு சட்டங்களை விடும், கடைசியில் செயலியை மூடும். பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை வெயிலில் நிற்காதீர்கள். ரப்பர் உறையைக் கழற்றுங்கள், திரை வெளிச்சத்தைப் பாதிக்குக் குறையுங்கள், போனுக்கு மேலே குடையைப் பிடியுங்கள். ஐஸ் வைக்க வேண்டாம், உள்ளே நீர் கோர்க்கும்.

10,000 எம்.ஏ.எச். பவர்பேங்க் உண்மையில் 6,000 அளவுதான் கொடுக்கும். மின்னழுத்தம் மாறும்போதும் சூடாகவும் மீதி போகும். ஒரு மணித்தியாலத்துக்கு அது தாராளம். முழுச் சார்ஜோடு தொடங்கி, 50 வீதத்துக்கு இறங்கிய பிறகு சாதாரண 5 வோல்ட் வயரைச் செருகுங்கள். வேகச் சார்ஜ் போனை இன்னும் சூடாக்கும்.

ஒலி

பார்க்கிறவர் மங்கிய படத்தைப் பொறுப்பார், காற்று இரைச்சலைப் பொறுக்க மாட்டார். இரண்டு நிமிடத்தில் போய்விடுவார்.

போனின் முக்கிய மைக் சார்ஜ் துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. குறுக்காகப் பிடிக்கும்போது அது உள்ளங்கைக்குள் போய்விடும், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரிக் கேட்கும். சுட்டுவிரலைப் பின்னால் மடித்து அந்த மூலையைத் திறந்து வையுங்கள். கடற்கரைக்கு வயர் மைக் ஒன்று வேண்டும். வாங்கும்போது முனையைப் பாருங்கள்: போனுக்கு மூன்று கறுப்புக் கோடு உள்ள முனை வேண்டும். இரண்டு கோடு உள்ளது கமராவுக்கானது, போன் அதை மைக்காகவே எடுக்காது, சத்தமில்லாமல் தன் சொந்த மைக்கையே பாவித்துக்கொண்டிருக்கும். சோதிக்க எளிய வழி, லைவ் தொடங்குமுன் வயர் மைக்கை நகத்தால் மெதுவாகச் சுரண்டிப் பதிவுசெய்து கேளுங்கள். சுரண்டல் பெரிதாகக் கேட்டால் சரி.

காற்றுக்கு, மைக்கோடு வருகிற சின்னக் கறுப்புப் பஞ்சு போதாது. ஒரு சென்றிமீற்றர் தடிப்புள்ள பஞ்சைச் சுற்றி, அதற்கு மேலே பழைய கரடிப் பொம்மையின் மயிர்த்துணியில் வெட்டிய சின்ன உறை ஒன்றை மயிர் வெளியே இருக்க மாட்டுங்கள். மயிர் காற்றை உடைக்கும், பஞ்சு மிச்சத்தைத் தடுக்கும். நூலால் கட்டுங்கள், ரேப் ஒட்டினால் மைக் துளை அடைபடும். பிறகு காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். கச்சானுக்குக் கடலைப் பார்த்தும், வாடைக்கு (வடகிழக்குக் காற்று) கரையைப் பார்த்தும் நிற்பது என்று பொதுவாக நினைவில் வையுங்கள்.

இரவுக் கடையில் கொத்துரொட்டி அடிக்கிற இடத்தைக் காட்டுவது எல்லாருக்கும் பிடிக்கும். போனைக் கல்லுக்கு அரை மீற்றரில் வைத்தால் தகட்டுச் சத்தம் உடைந்து வெடிக்கும். காரணம், போன் சத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் அது ஒலியை அமுக்கும், அடி நின்ற பிறகு ஒரு செக்கன் வரை கொத்துக்காரர் சொல்வதும் எண்ணெய் பொரிகிறதும் கேட்காது. இரண்டு மீற்றர் தள்ளி, கல்லுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்றால் இரண்டு தகடும் தனித்தனியே கேட்கும், வேகம் கூடிக் குறைவதும் கேட்கும். அந்தக் கடையில் பாட்டு ஓடுகிறதா என்றும் பாருங்கள். பின்னணியில் சினிமாப் பாட்டு தெளிவாகக் கேட்டால் பதிப்புரிமைச் சோதனை நேரலையை நிறுத்தலாம், அல்லது பதிவில் ஒலியை அழிக்கலாம். கொஞ்ச நேரம் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், இல்லையென்றால் வேறு கடை.

ஆட்களிடம் கேட்பது

தொடங்குமுன் கேளுங்கள், ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்டால் அவர் மறுத்தாலும் முகம் ஏற்கெனவே போயிருக்கும். 'அண்ணா, இது பதிவு இல்ல, இப்பவே நேரா போகுது. நீங்க படத்தில வருவீங்க, பரவாயில்லையா?' என்று, நேராகப் போகிறது என்பதை விளங்கும்படி சொல்லுங்கள். கிண்ணியாவில் 'நானா' என்று கூப்பிட்டுக் கேளுங்கள், கரைவலையில் முதலில் வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியாரிடம் கேளுங்கள். அவர் சரி என்றால் மற்றவர்கள் தாமாகவே சொல்வார்கள். வேண்டாம் என்று ஒருவர் கையைக் காட்டினால் அவர் பக்கம் போனைத் திருப்ப வேண்டாம். பள்ளிச் சீருடைப் பிள்ளைகள், செத்த வீடு, விபத்து, கடை மேசையில் எழுதிய போன் இலக்கங்கள் எதுவும் சட்டத்துக்குள் வரக் கூடாது. உங்கள் சொந்த வீட்டு வாசலிலிருந்து லைவ் தொடங்காதீர்கள். வீடு எது, இப்போது ஆளில்லை என்ற இரண்டையும் சேர்த்தே சொன்னதாகிவிடும்.

கரைவலை நேரலை, படிப்படியாக

நேரத்தை முதலில் பாருங்கள். இங்கே காலை ஆறு மணி என்றால் கோடைகாலத்தில் ரொறன்ரோவில் முதல் நாள் இரவு எட்டரை, லண்டனில் அதிகாலை ஒன்றரை, சிட்னியில் நண்பகலை நெருங்காத பத்தரை. கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் உள்ளவர்கள் விழித்திருப்பார்கள். ஐரோப்பாவில் உள்ளவர்களுக்கு மாலை லைவ்தான் பொருந்தும்.

வலையின் ஒரு கயிற்று நுனியைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் வளைந்துபோய்ப் பல நூறு மீற்றர் தள்ளி மற்ற நுனியைக் கரையேற்றும். பிறகு இரண்டு அணி இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு மெதுவாக ஒருவரை ஒருவர் நெருங்குவார்கள். நிற்க வேண்டிய இடம் இரண்டு கயிற்றுக்கும் நடுவே, அலை நனைக்கிற கோட்டுக்கு மேலே. கயிற்றுக்கும் கடலுக்கும் இடையில் போக வேண்டாம். உழவு இயந்திரத்தால் இழுக்கிற கரையில் கயிறு இறுகி நிற்கும், அது அறுந்தால் பலமாக அடிக்கும். கயிற்றை விட்டு நன்றாக விலகி நில்லுங்கள்.

விடிகிற நேரம் சூரியன் கடல் பக்கம் இருப்பதால், இழுப்பவர்களைக் கடலோடு சேர்த்துக் காட்டினால் எல்லாரும் நிழலுருவாகத் தெரிவார்கள். அது அழகுதான், பத்து நிமிடத்துக்கு. பிறகு பக்கவாட்டில் வந்து, வெயில் தோளில் விழுகிற கோணத்தைப் பிடியுங்கள். சட்டத்தில் தண்ணீர் மூன்றில் ஒரு பங்குக்கு மேலே வேண்டாம். அலையும் நுரையும் ஒவ்வொரு கணமும் மாறுவதால் பிட் எல்லாவற்றையும் அவை விழுங்கிவிடும், முகங்கள் கட்டம் கட்டமாகும். மணலும் வானமும் ஆட்களும் நிறைந்த சட்டம் குறைந்த வேகத்திலும் சுத்தமாகப் போகும்.

வலை இழுக்கிறவர்களின் அம்பாப் பாட்டு எழும்பினால் நீங்கள் வாயை மூடுங்கள். ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வாங்குவார்கள், வாங்குகிற சொல்லில்தான் இழுவை விழும். போனை அந்த எடுத்துக் கொடுப்பவரின் கால்களை நோக்கிப் பிடியுங்கள்: குதி மணலில் புதைகிறது, பாட்டின் சொல்லோடு சேர்ந்து அரை அடி பின்னுக்கு வருகிறது, மறுபடி புதைகிறது. இரண்டு நிமிடம் அப்படியே பிடியுங்கள்.

மடி கரையேறும்போது கூட்டம் நெருங்கும். உள்ளே முண்டாமல் சம்மாட்டியாருக்கு இரண்டடி பின்னால் நின்று கையை உயர்த்திப் பிடியுங்கள். மீன் கூடைக்கு வந்த பிறகு கிட்டப் போகலாம், நாற்பது ஐம்பது சென்றிமீற்றருக்கு. சூடை மீன் துள்ளும்போது வெயில் பட்டு மின்னும், அந்த மின்னலைப் பார்த்துப் போன் படத்தை இருட்டாக்கும், அடங்கியதும் வெளுக்கும். திரையில் மீனைத் தொடாமல் கூடையின் விளிம்பையோ, மீனைப் பிரித்தெடுக்கிறவரின் கையையோ தொட்டுக் குவியுங்கள். வெளிச்சம் நிலையாக நிற்கும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது

பொத்தானை அழுத்தியவுடன் விஷயத்தைத் தொடங்குங்கள். 'கேட்குதா, தெரியுதா, ஆக்கள் வரட்டும்' என்று மூன்று நிமிடம் போக்குவதைப் பிறகு பார்க்கிறவர்கள் எல்லாரும் சகிக்க வேண்டியிருக்கும். கேட்கிறதா என்பதை இன்னொரு போனில் பார்க்க வீட்டில் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். படம் போய்ச் சேர ஐந்து செக்கனிலிருந்து அரை நிமிடம் வரை எடுக்கும், அவர் கேள்வி திரும்பி வர அதற்கு மேலும். ஆகவே 'அந்த மீனை இன்னொருக்காக் காட்டுங்கோ' என்ற கேள்வி வரும்போது நீங்கள் வேறு பக்கம் திரும்பியிருப்பீர்கள். எந்தக் காட்சியையும் அரை நிமிடத்துக்குக் குறையாமல் பிடித்திருந்தால் அந்தக் கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கும். போனைத் திருப்புவதென்றால் சட்டத்தின் ஒரு ஓரத்திலிருந்த பொருள் மறு ஓரத்துக்குப் போக ஏழு செக்கன் எடுக்கிற வேகம் போதும்.

பத்து நிமிடத்துக்கு ஒருதரம் இடத்தையும் நேரத்தையும் ஒரே வரியில் சொல்லுங்கள். புதிதாக வந்தவர்கள் எப்படியும் கேட்பார்கள். கண்ணில் தெரிவதை விவரிக்க வேண்டாம். தெரியாததைச் சொல்லுங்கள்: மீனின் பெயர், காற்று எந்தப் பக்கம், கூடை என்ன விலைக்குப் போனது.

கடற்கரையில் இருபது நிமிடத்தில் வில்லையில் உப்புப் படியும். விளக்குகளைச் சுற்றி வெள்ளைப் புகை மாதிரித் தெரிந்தால் அதுதான். சட்டை நுனியால் துடைத்தால் மணல் கீறும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணி ஒன்றைப் பொலித்தீன் பையில் வைத்திருங்கள். குளிரூட்டிய வாகனத்திலிருந்து இறங்கியவுடன் தொடங்க வேண்டாம், வில்லையில் பனி மறைய பத்து நிமிடமாவது விடுங்கள்.

படம் உறைந்துவிட்டால் முடிக்கிற பொத்தானை அழுத்தாதீர்கள். அழுத்தினால் அந்த நேரலை அத்தோடு முடிந்தது, மீண்டும் தொடங்கினால் வேறு இணைய முகவரி, பார்த்தவர்கள் சிதறிவிடுவார்கள். அசையாமல் நின்று அரை நிமிடம் பொறுங்கள், செயலி தானே மீண்டும் இணைக்கப் பார்க்கும். வரவில்லையென்றால் நகரப் பக்கம் திரும்பி நில்லுங்கள். டவருக்கும் போனுக்கும் நடுவில் உங்கள் உடம்பு இருந்தால் சிக்னல் குறையும். அடிக்கடி உறைந்தால் பிட்ரேட்டை மூன்றில் ஒரு பங்கு இறக்குங்கள். ஒலி மட்டும் நின்றால் மைக் முனையைக் கழற்றி மறுபடி செருகுங்கள், வியர்வையும் உப்பும் அங்கே பிடிக்கும்.

முடிவை முன்பே தீர்மானியுங்கள். கடைசிக் கூடை லொறியில் ஏறியதும், அல்லது ஒரு மணித்தியாலம் ஆனதும். கடைசிக் காட்சியை அரை நிமிடம் அசையாமல் பிடித்து, ஒன்றும் சொல்லாமல் பொத்தானை அழுத்துங்கள். தாமதம் இருப்பதால் அழுத்தும் முன் கடைசி இருபது செக்கன் வெறுமையாக இருப்பது நல்லது, சிலருக்கு வால்ப்பகுதி போய்ச் சேராது.

முடிந்த பிறகு

பதிவை நறுக்க வேண்டாம், ஒரு காரணத்தைத் தவிர. கேட்காத ஒருவரின் முகமோ, பிள்ளையோ, யாருடைய இலக்கமோ விழுந்திருந்தால் அந்தச் செக்கன்களை மட்டும் யூடியூபின் திருத்துகருவியில் மங்கலாக்குங்கள் அல்லது வெட்டுங்கள். தலைப்பில் இடம், திகதி, தொடங்கிய நேரம் மூன்றும் இருக்கட்டும்.

பிறகு உடனே இறக்கி வையுங்கள். பேஸ்புக் 2025 பெப்ரவரியிலிருந்து நேரலைப் பதிவை 30 நாளில் அழிக்கிறது. ஜஸ்டின் கானின் தளமான ஜஸ்டின்.டிவி 2014இல் மூடியது, மீர்கட் 2016இல், பெரிஸ்கோப் 2021 மார்ச் 31இல். அவற்றில் ஓடிய ஆயிரக்கணக்கான தெருக்களும் சமையலறைகளும் கடற்கரைகளும் இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. யூடியூப் 12 மணித்தியாலத்துக்குள் முடிந்த நேரலையைத் தானாகவே சேமிக்கும், ஆனாலும் ஒரு பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். 1.5 மெகாபிட்டில் ஒரு மணித்தியாலம் என்றால் 32 ஜி.பி. மெமரி கார்ட் ஒன்றில் நாற்பது நேரலைக்கு மேல் அடங்கும். கோப்புக்கு 'திருக்கடலூர்-கரைவலை' என்று எழுதி ஆண்டு, மாதம், திகதியைச் சேருங்கள். கார்ட்டை உப்புக்காற்று படாமல் அரிசி போட்ட மூடிய போத்தலில் வைக்காதீர்கள், அரிசித் தூசி உள்ளே போகும். மருந்துப் போத்தலில் வருகிற சிலிக்கா பொட்டலம் ஒன்றோடு இறுக மூடும் டப்பா போதும். இன்னொரு பிரதியைச் சம்மாட்டியாரின் பிள்ளைகள் யாருடைய போனுக்காவது அனுப்பிவிடுங்கள்.